சமஷ்டிப் புகை

பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், கடை வாசல்களில் கிடக்கும் இலவசத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்குச் சில காலம் நான் செய்தி மொழிபெயர்த்துக் கொடுத்தேன். நகைக்கடை விளம்பரத்துக்கும் மரண அறிவித்தலுக்கும் நடுவே மிஞ்சுகிற இடத்தில் என் செய்தி வரும். அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. ஆசிரியர் நிச்சயமாக வாசிக்கவில்லை. தலைப்பை மட்டும் மாற்றுவார். தலைப்பு அவருடைய இலாகாவாம்.

அமெரிக்க மின் நிலையச் செய்தியை என்னிடம் கேட்டு எழுதுவித்தவர் பலசரக்குக் கடை அண்ணை. அவருடைய மகள் கலியாணம் முடித்து அமெரிக்காவில் இருக்கிறாள். வீட்டுக்குப் பக்கத்தில் நிலக்கரி எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம். பேத்திக்குத் தொய்வு. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் பிள்ளைக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். அண்ணை முருங்கைக்காய்ப் பெட்டிகளுக்கு நடுவே போனைக் காதில் அழுத்திக்கொண்டு நிற்பார். பிள்ளை சொல்லும் கதையைக் கேட்கமாட்டார், அது மூச்சு விடுவதைத்தான் கேட்பார்.

"தங்கச்சி, அந்த நிலையத்தைப் பூட்டப் போகினமாம் எண்டு மகள் சொல்லுறாள். மாநிலத்துத் திட்டத்திலை கிடக்காம். ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ."

வாசித்தேன். விஷயம் சிக்கலானதல்ல. மத்திய அரசு ஒரு விதி போட்டது: நிலக்கரி நிலையங்கள் கரியமிலவாயுவைக் குறைக்க வேண்டும். எப்படிக் குறைப்பது என்று ஒவ்வொரு மாநிலமும் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். கரியமிலவாயு நேரே பிள்ளையின் நெஞ்சை அடைப்பதில்லைதான். ஆனால் அடுப்பு அணைந்தால் அதோடு வருகிற மற்ற நஞ்சும் நிற்கும். அண்ணைக்கு அது போதும்.

அந்த மாநிலத்தின் திட்ட வரைவு இருக்கிறதே, அட கடவுளே! ஒரு பக்கம் அந்த விதியை எதிர்த்து அந்த மாநிலமே வழக்குப் போட்டிருந்தது. மறுபக்கம் அதே விதிக்கு இணங்குவதாகத் திட்டம் எழுதியிருந்தது. கொதிகலனுக்கு 'எஞ்சியிருக்கும் பயனுள்ள ஆயுள்' பற்றிப் பக்கம் பக்கமாகக் கவலை. பழைய இரும்பின் மீது இருந்த கரிசனையில் ஒரு துளிகூடப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மீது இல்லை. இத்தனை வழவழா கொழகொழாவுக்குள் ஒரு வரி மட்டும் தெளிவாக இருந்தது. இன்னும் சில ஆண்டுகளில் நிலையத்தை மூடிவிடுவோம், ஆகவே இப்போது எதுவும் செய்யத் தேவையில்லை. அந்த 'ஆகவே'க்கு மாலை போட வேண்டும்.

அண்ணைக்கு முன்பாதிதான் காதில் விழுந்தது. "அப்ப பூட்டுவினம்!"

"எழுதியிருக்கினம் அண்ணை. செய்வினம் எண்டு நான் சொல்லேல்லை."

"எழுதினால் செய்யத்தானே வேணும்? அது அமெரிக்கா. உதென்ன எங்கடை நாடே? பேப்பரிலை போடுங்கோ, சனமும் அறியட்டும்."

"மின் நிலையங்களுக்கு மத்திய அரசின் விதி, மாநிலங்கள் திட்டம்" என்று தலைப்பு வைத்துக் கொடுத்தேன். ஆசிரியர் மூக்கைச் சுளித்தார். "மத்திய அரசு எண்டு போட்டால் எங்கடை சனம் பேப்பரைத் தொடாது. மாநிலம் எண்டுறது இந்தியாக்காரற்றை சொல்லு." உடனே தன் கைவரிசையைக் காட்டினார். முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில்: "சமஷ்டி விதி வந்தது! மாகாணங்கள் திட்டம் தயார்!" மின் நிலையம் எங்கே என்று கேட்டேன். இடம் போதவில்லையாம்.

சமஷ்டி! கூட்டாட்சி என்பதற்கு, இலங்கையில் கொழும்பிடமிருந்து அதிகாரத்தைப் பங்கு கேட்டு எங்கள் ஆட்கள் பிடித்துத் தொங்கிய சொல் அது. அதைக் கேட்டுக் கேட்டே ஒரு தலைமுறை கிழடாகிப் போனது. சனிக்கிழமை பத்திரிகை பறந்தது. புறநகரான கார்ஜிலிருந்து மரக்கறி வாங்க வந்தவர்கள் மரக்கறியை மறந்து கடை வாசலில் கூடி நின்றார்கள். ஒருவர் எல்லோருக்கும் தன் செலவில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். இன்னொருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "பிள்ளை, வடக்கையும் கிழக்கையும் சேர்த்தே தரப்போகினம்?"

"புகைபோக்கியைத்தான் பூட்டித் தரப்போகினம். உள்ளுக்கை வாசியுங்கோ" என்றேன்.

வாசித்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக என் செய்தியை வாசித்தார்கள். "சீ! அமெரிக்கான்ரை கரிக்கதையே? உங்களுக்கென்ன விசரே?" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அண்ணை குறுக்கே விழுந்து சொன்னார்: "இல்லையடாப்பா, இதுவும் நல்ல செய்திதான். என்ரை பேத்திக்கு…" கேட்க ஒருவன் நிற்கவில்லை. தாயகத்துக்காக உயிரையும் கொடுப்போம் என்று மேடைக்கு மேடை முழங்குகிற வீரர்களுக்கு ஒரு சின்னப் பிள்ளையின் மூச்சைப் பற்றிக் கேட்க அரை நிமிடம் கிடைக்கவில்லை. தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தவர் அதைப் பெரிய நட்டம் போலப் புலம்பிக்கொண்டு போனார்.

பிறகு அமெரிக்காவில் மத்திய ஆட்சி மாறியது. புதிதாக வந்தவர்கள் அந்த விதியே வேண்டாம் என்றார்கள். மாநிலம் திட்டத்தைச் சுருட்டி வைத்தது. அந்த ஒரு வேலையைத்தான் அவர்கள் சுறுசுறுப்பாகச் செய்தார்கள். நிலையத்தை மூடுகிற பேச்சே காணாமல் போனது. புதிதாகக் கட்டும் பெரிய கணினிக் கூடங்களுக்கு மின்சாரம் போதாதாம், அதனால் நிலையம் ஓட வேண்டுமாம். விதி போட ஒரு அரசு, அதிலிருந்து நழுவ ஒரு அரசு, அதைக் கிழித்துப்போட இன்னொரு அரசு. இந்தக் கூத்துக்குப் பெயர்தான் சமஷ்டி என்றால் நமக்கு வராமல் இருப்பதே புண்ணியம் என்று வயிறெரிந்து சொன்னேன்.

அண்ணைக்கு எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். மகள் முந்திவிட்டாள். போன் தராசுத் தட்டில் கிடந்தது, அவள் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"டொக்டர் சொல்லிப்போட்டார் பப்பா. பிள்ளை இனி இஞ்சை இருக்கேலாது. வேறை மாநிலத்துக்கு வெளிக்கிடப் போறம். இவருக்கு அங்கை வேலை இல்லை. பாப்பம்."

"அப்ப அது பூட்டேல்லையோ?"

"இல்லை பப்பா."

அண்ணை போனை எடுத்து நிறுத்தினார். நான் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். அவர் கத்தவில்லை.

"ஊரிலை எங்களுக்கு ஷெல் அடிச்சாங்கள், வெளிக்கிட்டம். சரி, அது சண்டை. அங்கை அமெரிக்காவிலை சண்டை ஒண்டும் இல்லையே தங்கச்சி. அந்தப் புகைபோக்கி நிண்ட இடத்திலை நிக்குமாம். பிள்ளைதான் வெளிக்கிட வேணுமாம்."