படிக்கட்டுக்குத் துணை

எங்கள் கல்லூரியில் பிரீ-டிகிரி வகுப்புகள் மாடியில். மேலே போக ஒரே படிக்கட்டு. முதல் மணிக்கு முன்னால் அதன் இரண்டு பக்கமும் மலையாளப் பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் ஒரு ஆள் போக மட்டும் இடம் விட்டு. ஒரு தமிழ்ப் பெண் ஏறும்போது மட்டும் பேச்சு நின்றுவிடும். எல்லோரும் இரண்டு விரலால் காற்றில் தேயிலைக் கொழுந்து கிள்ளி, முதுகில் கூடை இருப்பதுபோல அதற்குள் போடுவார்கள். "பாண்டீ, இந்நு எத்ர கிலோ?" பாண்டி என்பது தமிழர்களுக்கு அவர்கள் வைத்த கேலிப் பெயர்; இன்றைக்கு எத்தனை கிலோ கிள்ளினாய் என்று கேட்கிறார்களாம்.

அவள் போனக்காடு எஸ்டேட்டுக்காரி. அம்மா அங்கே கொழுந்து எடுக்கிறவள். சாலைக் கடைத்தெருவில் ஓட்டல் வேலை பார்த்த மாமா வீட்டில் தங்கிப் படித்தாள். படிக்கட்டுக்குப் பயந்து முதல் பீரியடையே விட்டுக்கொண்டிருந்தாள். இப்படியே போனால் அட்டெண்டன்ஸ் குறைந்து பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்று அவள் டீச்சர் எச்சரித்துவிட்டார். பரீட்சை இல்லையென்றால் எஸ்டேட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இது காதில் விழுந்தபிறகு நான் சும்மா இருப்பேனா? எனக்கு பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம், எதற்கும் முதலில் கை தூக்குகிறவள். பிரின்ஸிபாலிடம் போனேன். "குட்டிகளல்லே, தமாஷ்" என்று, சின்னப் பிள்ளைகள் விளையாட்டாக்கி அனுப்பிவிட்டார். சரி, நாங்களே துணை போகிறோம் என்று மூன்று தோழிகளைச் சேர்த்தேன். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், நடுவில் அவள். பஸ் ஸ்டாப்பில் அவளிடம் காதோடு காதாகத் திட்டத்தைச் சொன்னேன். தலையாட்டினாள்.

மறுநாள் முதல் படியில் கால் வைத்ததுமே ஒருவன் எழுந்து கைகூப்பினான். "மாறிக்கோ, மாறிக்கோ! எழுந்நள்ளத்து வருந்நு!" விலகிக்கொள்ள வேண்டுமாம், சாமி புறப்பாடு வருகிறதாம். ஒருவன் புஸ்தகத்தின் மேல் செண்டை வாசித்தான். இன்னொருவன் குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டே ஏறினான். வராந்தா முழுக்க ஆள் கூடிவிட்டது. ஒரு லெக்சரர்கூடச் சிரித்தார்.

மேலே போனதும் அவள் வகுப்புக்குள் நுழையவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"யக்கா, நான் சாமியா, கைதியா?"

"என்னடி இது, உனக்குத் துணைக்குத்தானே வந்தோம்!"

"நாலு பேரும் உங்களுக்குள்ள மலையாளத்துல பேசிட்டு வந்தீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை உண்டா? காவல் எல்லாம் வேண்டாங்க்கா. நீங்க ஒரு ஆளு பக்கத்துல வாங்க, போதும். பஸ் ஸ்டாப்புல என் காதுக்குள்ள தமிழ் பேசுனீங்கள்ல? அதைப் படிக்கட்டுல பேசுங்க. சத்தமா."

எங்கள் வீட்டில் பேசுவது தமிழ்தான். வலியசாலையில் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டினால் நான் மலையாளம்தான். கல்லூரியில் என்னை யாரும் எந்த ஊர் என்று கேட்டதில்லை. கேட்கும்படி நானும் நடந்துகொண்டதில்லை.

"நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன்.

"நாளைக்கும் முதல் பீரியடு இருக்குல்ல" என்றாள்.

மறுநாள் நாங்கள் இரண்டு பேர்தான். என்ன பேசுவது? வாயில் வந்ததைப் பேசினேன். "நேத்திக்கு எங்காத்துல அம்மா அரைச்சுவிட்ட சாம்பார் பண்ணினா..."

மேலேயிருந்து ஒரு குரல்: "அய்யோ, நீயும் பாண்டியா?"

லேபில் என் பக்கத்து மேஜைக்காரன். தினமும் என் ரெக்கார்டைப் பார்த்து எழுதுகிறவன். என் குரல் தானாகக் கம்மியது.

"சாம்பாருக்கு அப்புறம் என்னக்கா?" என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்கும்படி.

"முருங்கைக்காய் போட்டிருந்தா" என்றேன். இப்போது எனக்காகவும் விரல்கள் எழுந்தன. ஆனாலும் முருங்கைக்காயை விடாமல் மேலே வந்து சேர்ந்தேன்.

"பழகிடும்னு சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். நான் கதவோரம் நின்றேன். பேர் கூப்பிட்டார்கள். "ப்ரெசன்ட் டீச்சர்" என்ற அவள் குரல் கேட்டது.

என் வகுப்பு கீழே. மணி அடித்தும் பையன்கள் படியைவிட்டு எழுந்திருக்கவில்லை. நான் தனியாக இறங்க வேண்டியிருந்தது.