கிடோங்காவில் இரண்டாம் கியர்

கிடோங்கா மலைச்சரிவில் எசேக்கியா ம்காயாவுக்குப் பட்டப்பெயர் பச்சோந்தி. நிறம் மாறுவதால் அல்ல. ஒவ்வொரு அடிக்கும் யோசித்து நகர்வதால். பதினெட்டு வருடமாக மஃபிங்காவிலிருந்து பலகை ஏற்றி வருகிறார். உச்சியிலேயே லாரியை இரண்டாம் கியருக்குக் கொண்டுவந்துவிடுவார். அப்புறம் அடிவாரம் வரை கியரைத் தொடமாட்டார்; வண்டியை எஞ்சினே இழுத்துப் பிடிக்கும். பிரேக்கையும் கஞ்சன் மாதிரிதான் மிதிப்பார். மற்ற புத்திசாலிகளோ டீசலை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று வண்டியைக் கியரிலிருந்து எடுத்து 'ஃப்ரீ'யில் விட்டுவிட்டுப் பறப்பார்கள்.

அன்று காலை உச்சிக் கடையில் உகாலிக் களியும் கீரையும் சாப்பிடும்போது உருளைக்கிழங்கு லாரிக்காரன் சங்கா வம்பிழுத்தான்.

"பச்சோந்தி அண்ணே, நீங்க இப்பவே கிளம்புங்க. அப்பத்தான் ஈஸ்டருக்குள்ள கீழ போய்ச் சேருவீங்க."

"நீ ஃப்ரீயிலயே வா தம்பி. உன்னை ஈஸ்டர் அன்னிக்கு ஆண்டவர் எழுப்பிக்குவாரு."

கடையே சிரித்தது.

பாதிச் சரிவில் பின்னாலிருந்து ஹாரன் அலறியது. கண்ணாடியில் சங்காவின் லாரி, சக்கரங்களில் புகையோடு. ஃப்ரீயில் விட்டவனுக்குக் கியர் திரும்ப விழவில்லை. மிதித்து மிதித்துப் பிரேக்கும் சூடேறிச் செத்துவிட்டது.

எசேக்கியா சுற்றிலும் பார்த்தார். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம், முன்னால் ஆட்கள் நிறைந்த பேருந்து. ஒதுங்க ஒரு முழம்கூட இடமில்லை. குதித்துவிடலாமா என்றுகூட நினைத்தார். குதித்தால் இரண்டு லாரியும் பேருந்தின் மேல்தான் போய் விழும்.

இதே வேகத்தில் போனால் பின்னால் வருபவன் இடித்து நொறுக்கிவிடுவான். கொஞ்சம் வேகமெடுத்தால் இடி மெல்ல விழும். அதற்கு மூன்றாம் கியர் வேண்டும். மாற்றும்போது விழாவிட்டால் தானும் ஃப்ரீதான். பதினெட்டு வருடத்தில் முதல் முறையாகச் சரிவில் கியரைத் தொட்டார்.

விழுந்தது.

பின்னால் 'டமார்' என்று ஒரு சத்தம். இரண்டு லாரிகளும் ஒட்டிக்கொண்டன. இத்தனை தூரம் மிச்சம் பிடித்து வைத்திருந்த பிரேக்கை அப்போதுதான் முழுதாக மிதித்தார். பேருந்துக்குப் பத்தடி பின்னால் லாரிகள் நின்றன.

சங்கா ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"இறங்குங்க அண்ணே, உங்க காலைப் பிடிச்சுக்கறேன்."

எசேக்கியாவின் வலதுகால் பிரேக்கை அழுத்தியபடி உதறிக்கொண்டிருந்தது. எடுத்தால் இரண்டு லாரியும் கிளம்பிவிடும்.

"என் கால் ஃப்ரீயா இல்லடா. ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கல்லு கொண்டா!"