இரண்டு பேர் பதிந்த போட்டி

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் நடுவில் நிற்காமல் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க வேண்டிய போட்டி அது. ஐரோப்பாவில், மலைகள் சூழ்ந்த ஓர் ஏரிக்கரை ஊரில் நடக்க இருந்தது. நானும் என் கணவரும் சேர்ந்தே பதிந்திருந்தோம். இது முதலில் அவருடைய பைத்தியம்தான். கலியாணம் முடித்து கொழும்பில் வெள்ளவத்தைக்கு வந்த புதிதில், விடியப்புறம் அவர் சைக்கிளை இறக்கிக்கொண்டு போகும் சத்தத்தில் எனக்கும் நித்திரை குழம்பும். சும்மா படுத்துக் கிடப்பானேன் என்று கூடப் போகத் தொடங்கினேன். நாற்பதைத் தாண்டிய பிறகு வெளிநாட்டுப் போட்டிக்குப் பதிகிற அளவுக்கு அது வளர்ந்துவிட்டது.

போட்டி நடத்துகிறவர்கள் வைத்தியச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். ஒரு சடங்கு மாதிரி நினைத்துத்தான் போனோம். எனக்குக் கையெழுத்து வைத்துக் கொடுத்த டொக்டர், அவருடைய ஈசிஜியை நெடுநேரம் பார்த்துவிட்டு இதய நிபுணர் ஒருவரிடம் அனுப்பினார். இதயத் தசை தடித்திருக்கிறதாம். நடக்கலாம், வேலைக்குப் போகலாம். போட்டி கூடாது. கடலில் நீந்தவே கூடாது. வெளியே வந்து ஓட்டோவுக்குக் காத்து நின்றபோது அவர் சொன்னது இவ்வளவுதான்:

“நீர் போம். ரெண்டு பேரும் நிக்கத் தேவையில்லை.”

அதற்குப் பிறகு அவர் தன்னுடைய வருத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. என்னைத் தயார்ப்படுத்துவதிலேயே இறங்கிவிட்டார். ஏரித் தண்ணீர் குளிரும். கொழும்பில் குளிர்ந்த தண்ணீருக்கு எங்கே போவது? சந்தையில் மீன் கடைக்காரனிடம் ஐஸ் வாங்கி வந்து, தண்ணீர் நிரப்பிய பெரிய பேசினில் கொட்டி, என் முகத்தை அதற்குள் வைக்கச் சொல்வார்.

“மூச்சை மெல்ல விடும். பதறாதையும். இன்னும் கொஞ்சம்.”

அவருடைய கை என் பிடரியில் இருக்கும். முரடாக அழுத்தாது. ஆனால் அதில் அன்பு இருந்ததாகவும் சொல்ல முடியாது. நான் நிமிர்ந்து இருமும்போது அவர் மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

பயணத்துக்கு முந்திய கிழமை முழுக்கப் பயிற்சியைப் பாதிக்கு மேல் குறைக்க வேண்டும். உடம்பு ஆற வேண்டும் என்பதற்காக. களைத்துப் பழகிய உடம்புக்கு அது ஒரு தண்டனை. பின்னேரங்களில் இரண்டு பேரும் வீட்டிலேயே இருந்தோம். முன்பென்றால் அந்த நேரத்தில் சைக்கிள் ரயர், காற்று, அடுத்த நாள் எவ்வளவு தூரம் ஓடுவது என்று கதை ஓடும். இப்போது என்ன கதைத்தாலும் அவருக்கு நோகும் என்று நான் வாயை மூடினேன். கீழே காலி நகருக்குப் போகும் பெரிய வீதியில் பஸ்கள் ஹோர்ன் அடிப்பதைக் கேட்டுக்கொண்டு இருந்தோம்.

தென்மேற்குக் காற்றுக் காலம் என்பதால் நெடுநாளாகக் கடலில் இறங்க முடியவில்லை. அந்தக் கிழமை கொஞ்சம் அடங்கியிருந்தது. ஒரு காலை நான் எழும்பியபோது அவர் இல்லை. காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போயிருப்பார் என்று நினைத்தேன். பல்கனியில் ஆணியில் தொங்கும் அவருடைய நீச்சல் கண்ணாடியைக் காணவில்லை.

ஒழுங்கையால் இறங்கி, கடலோர மரைன் டிரைவ் வீதியைக் கடந்து, தண்டவாளத்துக்கு மேலால் ஓடினேன். பாறையில் அவருடைய செருப்பும் மடித்து வைத்த சேர்ட்டும் இருந்தன. நல்ல தூரத்தில் அவருடைய செம்மஞ்சள் நீச்சல் தொப்பி தெரிந்தும் மறைந்தும் போய்க்கொண்டிருந்தது. இறங்கிப் பின்னால் போவதா? கூப்பிட்டால் கேட்காது. நான் போய்ச் சேருவதற்குள் அவர் வேகத்தைக் கூட்டினால் என்ன செய்வது? பாறையிலேயே நின்றேன்.

தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதர் என் பக்கம் திரும்பினார்.

“மாத்தயா ஹொந்தட பீனனவா நே?”

ஐயா நன்றாக நீந்துகிறார், இல்லையா என்று சிங்களத்தில் கேட்கிறார். “ஒவ்” என்றேன். ஆம் என்பதைத் தவிர வேறென்ன சொல்வது? உண்மையிலேயே அவர் அழகாகத்தான் நீந்திக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து பாறையில் ஏறியவர் என்னைக் கண்டு திடுக்கிடவில்லை.

“பாத்தீரோ, ஒண்டும் நடக்கேல்ல.”

“நடந்திருந்தா?”

“நடந்திருந்தா கடலில போயிருப்பன். கட்டிலில கிடந்து போறதிலும் பாக்க...”

“என்னை யோசிச்சனீங்களோ?”

அவர் சேர்ட்டை உதறிப் போட்டுக்கொண்டார். பொத்தானைத் தவறான ஓட்டையில் மாட்டினார்.

“நான் போகேல்ல. ரிக்கற்றைக் கான்சல் பண்ணப்போறன்” என்றேன்.

“பண்ணும். நான் ஒவ்வொரு நாளும் இறங்குவன். ஒவ்வொரு நாளும் நீர் இந்தக் கல்லில வந்து நில்லும்.”

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் அவருடைய அண்ணைக்குப் போன் எடுத்தேன். எவ்வளவு தூரம் போனான், எவ்வளவு நேரம் நீந்தினான் என்று விசாரித்தார். பிறகு, “நீ போ, பிள்ளை. நான் வந்து நிக்கிறன்” என்றார். அன்று பின்னேரமே ஒரு பையுடன் வந்துவிட்டார். கதவைத் திறந்த என் கணவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எனக்குக் காவலோ?”

“உன்ர வீட்டில நாலு நாள் நிண்டு சாப்பிடப் படாதோ?” என்று அண்ணை சிரிக்கப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. மூன்று பேரும் இடியப்பத்தைப் பிசைந்தபடி இருந்தோம். தேங்காய்ப்பால் சொதி ஆறி ஆடை கட்டியது.

என் சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கியது என் கணவர்தான். என்னைத் தொட விடவில்லை. ஒவ்வொரு குழாயாகப் பஞ்சு சுற்றி, திருகுகளைத் தனிப் பையில் போட்டு, எதை எப்படித் திரும்பப் பூட்ட வேண்டும் என்று நிதானமாகச் சொல்லித் தந்தார். மூடியை அழுத்திப் பூட்டியதும் எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். விமான நிலையத்துக்கு அண்ணைதான் வந்தார்.

போட்டியை நான் முடித்தேன். ஏரி இருண்டு, கண்ணாடி போலக் கிடந்தது. சைக்கிள் ஏற்றத்தில் பல பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். ஓட்டத்தில் வயிறு பிரட்டியது. முடிவுக் கோட்டைக் கடந்தபோது யாரோ கழுத்தில் பதக்கத்தைப் போட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார்கள். எனக்கு உடனே போன்தான் வேண்டியிருந்தது. அண்ணைதான் எடுத்தார்.

“கம்பியூட்டரில போட்டி விவரத்தில உன்ர பேரைத்தான் பாத்துக்கொண்டிருந்தவன். சாப்பிடவும் எழும்பேல்ல. நீ முடிச்சதும் நிப்பாட்டிப்போட்டுப் படுத்திட்டான்.”

“கடலுக்குப் போனவரோ?”

“இல்லை, பிள்ளை. வெளியிலயே போகேல்ல.”

நான் திரும்பி வந்த அன்று அண்ணை பையைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனார். கணவர் பயணம் எப்படி, அங்கே மழையோ என்று கேட்டார். போட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் பதக்கத்தை உடுப்புப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டேன்.

சில நாட்கள் கழித்து, பல்கனியில் காய்ந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டிருந்த அவர் எனக்கு முதுகைக் காட்டியபடி சொன்னார்:

“கடைசி ஓட்டத்தில உமக்கு வேகம் நல்லா விழுந்துபோச்சு.”

“ஓம். வயிறு சரியில்லை.”

“நான் பக்கத்தில ஓடியிருந்தா குறைய விட்டிருக்க மாட்டன்.”

“தெரியும்” என்றேன்.

கையிலிருந்த துவாயை மடித்து மற்றவற்றின் மேல் வைத்தார். பிறகு, இரவுக்குப் புட்டு அவிக்க மா இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனேன்.