எடுக்காமல் விட்ட சிரிப்பு

அகஸ்டினா அக்கா இதுவரை பன்னிரண்டு தடவை செத்திருக்கிறார். எல்லாம் கேமராவுக்கு முன்னால்தான். முதல் பதினோரு தடவையும் ஷாட் முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து, பல் தெரியச் சிரித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். படப்பிடிப்பில் அது வழக்கம். பிணமாக நடித்தவர் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதையும் படம் பிடிக்க வேண்டும். அந்தச் சிரிப்பை யாரும் ஒளிபரப்ப மாட்டார்கள். செத்தது பொய் என்று சொல்லி முடிக்கத்தான் அது. பன்னிரண்டாவது தடவை அந்தச் சிரிப்பை எடுக்காமல் விட்டுவிட்டார்கள்.

நான் ரெக்ஸ். இருபத்தாறு வருடமாக அவருக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். புதுச்சேரியில் ஜாஸ் பாடிப் பிழைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு, அக்காவைப் பார் என்பேன். அவருடைய அப்பா மாதா கோயில் பேண்டில் டிரம்பெட் வாசித்தவர். சவ ஊர்வலத்தில் ஒழுங்காக வாசித்த பாட்டையே வீட்டுக்கு வந்ததும் வளைத்து நெளித்து, தாளத்தோடு விளையாடி வாசிப்பாராம். அதைக் கேட்டு வளர்ந்த பெண் ஒழுங்காகப் பாடுமா? பாட்டுக்கு அரை அடி பின்னால் வருகிறாள் என்று ஏழாவது படிக்கும்போதே கோயில் பாடகர் குழுவிலிருந்து துரத்திவிட்டார்கள். பிற்பாடு அந்த அரை அடிதான் அவருக்குச் சோறு போட்டது. கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் ஞாயிறு மதியம்தோறும் பாடினார். அங்கே சாப்பிட வந்த ஒரு டைரக்டர் அவரை சினிமாவுக்குக் கூப்பிட்டார். நம் ஊருக்குப் படம் எடுக்க வருகிறவர்களுக்குக் கவுன் போட்ட அம்மா ஒருத்தி எப்போதும் தேவைப்படும். கான்வென்ட் டீச்சர், வீட்டுக்கார அம்மா, இல்லையென்றால் பிணம். அக்கா எதற்கும் முகம் சுளித்ததில்லை.

இந்த வருடம் ஜனவரியில் அவருடைய கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. தைராய்டு. ஊசி குத்திப் பார்த்த டாக்டர், சந்தேகமாக இருக்கிறது, அறுத்து எடுத்துவிடலாம் என்றார். குரலுக்குப் போகும் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் குரல் மாறினாலும் மாறலாம் என்றும் சொன்னார். அன்றைக்குப் பிடித்தது பயம். அக்கா இரண்டு தடவை தேதியைத் தள்ளிப் போட்டார். "இன்னொரு தடவ தள்ளாதீங்க" என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். மூன்றாவது தேதி ஒரு வியாழக்கிழமை. நானும் பயந்துபோய்தான் இருந்தேன். அந்தக் குரல் போய்விட்டால் நான் யாருக்கு வாசிப்பது?

அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை லாஸ்பேட்டையில் சீரியல் படப்பிடிப்பு. துணைக்கு நானும் போயிருந்தேன். கதைப்படி அக்கா சவப்பெட்டிக்குள் கிடக்க வேண்டும். பெட்டி நிஜமானது, கடையில் வாடகைக்கு எடுத்தது. ஷாட் முடிந்த அதே நிமிடம் ஜெனரேட்டர் நின்றது, மழையும் கொட்டியது. எல்லோரும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அக்காவும் ஓடினார். ஆட்டோ பாதி வழி வந்த பிறகுதான் சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"ரெக்ஸு, நான் சிரிக்கலடா."

நான் சிரித்து மழுப்பப் பார்த்தேன். வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னார்: "அந்தப் பொட்டியில படுத்து எழுந்து சிரிச்சாத்தான் வியாழக்கிழம வருவேன். இல்லன்னா ஆபரேஷனும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

தினம் பூசைக்குப் போகிற மனுஷி இப்படிப் பேசலாமா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் உதவி இயக்குநர் சரிதாவுக்கு போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பெண் அழுதேவிட்டாள். "என் தப்புதான் சார். நாளைக்குக் காலைல அதே கேமராவோட கடைக்கே வந்துடறேன்" என்றாள்.

புதன்கிழமை காலை மூவரும் சவப்பெட்டிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் அல்போன்ஸ் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தப் பொட்டியா? இப்பதான ஏத்திக்கினு போனாங்க. கனகசெட்டிக்குளத்துல ஒரு டீச்சரம்மா தவறிட்டாங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். "வயசும் ஒங்க வயசுதாம்மா இருக்கும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அக்கா அப்படியே மரப்பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. "நான் படுத்த எடத்துல இப்ப அவங்க படுத்திருக்காங்க" என்று முணுமுணுத்தார். அல்போன்ஸ் இன்னொரு பெட்டியைக் காட்டினார். அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"டாக்டருக்கு போன் போடு. நாளைக்கு வரலன்னு சொல்லு."

"போட மாட்டேன்" என்று கத்தினேன். "தள்ளித் தள்ளி நெஜமாவே பொட்டிக்குள்ள போகப் போறியாக்கா? எனக்கு மட்டும் பயம் இல்லன்னு நெனச்சியா? நானும் மூணு மாசமா தூங்கல."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். நான் பயந்து இதுவரை அவர் பார்த்ததில்லை. "சரி, இங்கயே எடு. பொட்டி இல்லாமலே எடு" என்றார். சரிதா கேமராவை நிறுத்தி மைக்கைச் செருகினாள்.

சிரிப்பு வரவில்லை. பதினோரு தடவை சிரித்தவர், சொன்ன உடனே அழவும் சிரிக்கவும் தெரிந்தவர், வாயைத் திறந்து திறந்து மூடினார். உதடு நடுங்கியதே தவிரச் சத்தம் எழவில்லை. சரிதா கேமராவுக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேறு என்ன செய்வதென்று தெரியாமல், அக்காவின் அப்பா வாசித்த சவ ஊர்வலப் பாட்டைப் பலகையில் தட்டி முனக ஆரம்பித்தேன். அக்கா எனக்குப் பாடிக் காட்டியிருந்தபடியே வளைத்து நெளித்து. பதற்றத்தில் விரல் தாறுமாறாக ஓடியது.

"ரெக்ஸ் முசே" என்றார் அக்கா. கோபம் வந்தால்தான் எனக்கு முசே என்கிற பிரெஞ்சு 'ஐயா' பட்டம் கிடைக்கும். "அரை அடி முன்னால ஓடறீங்க. பொணமே எழுந்து வந்து ஒதைக்கும்."

சொன்னவருக்கே அடக்க முடியவில்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய சிரிப்பு படிப்படியாக மேலே ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, வழுக்கி இறங்கியது. அல்போன்ஸும் சேர்ந்து சிரித்தார். சரிதா எடுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தது. கட்டி புற்றுதான். சரியான நேரத்தில் வந்தீர்கள், உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். குரல் மட்டும் பழையபடி வரவில்லை. பாதி காற்று, பாதி சத்தம். நான்கு மாதமாகப் பயிற்சி செய்தும் உச்சி ஸ்தாயிக்கு ஏறவில்லை. இனி ஏறாது என்று போன வாரம் சொல்லிவிட்டார்கள்.

அதைக் கேள்விப்பட்டு, அன்று சாயங்காலம் சரிதா அந்தச் சிரிப்பை அவருடைய போனுக்கு அனுப்பியிருந்தாள். பன்னிரண்டு விநாடி. யாரும் பார்க்காத அந்த ஷாட்டில்தான் அக்காவின் பழைய குரல் கடைசியாகப் பதிவாகியிருக்கிறது. போட்டுக் காட்டினேன். அக்கா கழுத்துத் தழும்பைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"யார்றா இவ? நல்லாத்தான் சிரிக்கிறா" என்றார், அந்தக் காற்றுக் குரலில்.

நான் போனைக் கீழே வைக்கப் போனேன்.

"இன்னொரு தடவ போடு."

போட்டேன்.