கைக்கு வளையல் பெரிது, கழுத்துக்கு அட்டியல் சிறிது

ஒரே பானைச் சோற்றைத் தின்ற நான்கு பேரில் ஒருத்தியின் உடம்பு எட்டு மாதமாக மாறிக்கொண்டே வந்தது. மற்ற மூவருக்கும் அது ஏன் தெரியவில்லை?

எனக்குப் பதில் தெரியாது. இத்தனை வருடம் யோசித்தும் தெரியவில்லை.

இன்று ஒரு தோழி தைராய்டு அறிகுறிகளை எண் போட்டு வரிசையாகப் பகிர்ந்திருந்தாள். (எங்கள் வீட்டுக்கு எந்த வியாதியும் எண் போட்டுக்கொண்டு வந்ததில்லை.) அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். கொச்சியில் மட்டாஞ்சேரி. அப்பாவுக்குச் சுக்கு மண்டியில் வேலை. நான் எறணாகுளத்தில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். தைராய்டு சுரப்பியை ரெக்கார்ட் நோட்டில் வரைந்து, பாகம் குறித்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

அக்கா செண்பகத்துக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பக்கத்துப் பள்ளுருத்தி, அவர்களும் தமிழ்க் குடும்பம். பெண் பார்க்க வந்த அன்று பதினோரு பேருக்கும் அக்கா தனியாகவே தோசை வார்த்துப் போட்டாள். மாப்பிள்ளையின் அம்மா அவள் சுறுசுறுப்பைப் பார்த்துத்தான் சம்மதம் சொன்னார்.

அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முன் இரண்டு நகைகளைச் சேர்த்து வெளியே அனுப்ப மாட்டார். கண் பட்டுவிடுமாம். ஒரு நடைக்கு ஒரு நகைதான். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் ஒவ்வொரு நடையும் நடந்தது நான்தான்.

முதல் வாரம் தட்டாரிடம் வளையல்களைக் கொண்டுபோனேன். அக்காவின் கையிலிருந்து கழன்று விழுந்தன, சிறிதாக்க வேண்டும். கல்யாணத்துக்காக வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறாள், அதனால் மெலிந்துவிட்டாள் என்றார் அம்மா. (மற்ற ஆறு நாளும் மூன்று ஆள் சோறு சாப்பிட்டாள். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.)

அடுத்த வாரம் அட்டியல். கொக்கி எட்டவில்லை, ஒரு வளையம் சேர்க்க வேண்டும். பழைய நகை, கொக்கி வளைந்திருக்கும் என்றார் அம்மா.

மூன்றாம் வாரம் வளையல்களைத் திரும்ப வாங்கப் போனேன். தட்டார் மாதவன் சேட்டன் வளையலையும் அட்டியலையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மோளே, இது ரெண்டும் ஒரே ஆளுக்கா?"

ஆமாம் என்றேன்.

"கை மெலியுது, கழுத்து மட்டும் தடிக்குது. முப்பது வருஷமா பணி செய்யறேன், மெலிஞ்சா எல்லாமே சேர்ந்துதான் மெலியும். தங்கத்துக்கு ஒரு கொழப்பமும் இல்ல. ஆளைக் கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டுங்க."

எனக்கு முதலில் சந்தேகம் அவர் மேல்தான். எடையில் ஏதோ செய்துவிட்டுப் பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து அக்காவைப் பார்த்தேன். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் முதுகு நனைந்திருந்தது. சாயா டம்ளர் அவள் கையில் கடகடத்தது. கண்கள் முன்னைவிடப் பெரிதாக இருந்தன. (கல்யாணக் களை என்று தெருவே சொன்னது.) என்ன அப்படிப் பார்க்கிறாய் என்று எரிந்து விழுந்தாள். மாதவிலக்கும் சில மாதமாக ஒழுங்காக இல்லை என்பதைப் பிறகுதான் சொன்னாள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் எங்களிடம் தயாராக இருந்தது. சேர்த்து வைத்து யாரும் பார்க்கவில்லை.

எறணாகுளத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். அக்காவை இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு தாளை வைத்தார். தாள் படபடவென்று ஆடியது. ஒரு மிடறு தண்ணீர் குடிக்கச் சொன்னார். விழுங்கும்போது கழுத்தில் ஒரு வீக்கம் ஏறி இறங்கியது. அதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அப்போதும் என் படிப்பு சும்மா இருக்கவில்லை. கழுத்து வீக்கம் அயோடின் கிடைக்காத மலைப்பக்கத்து ஆட்களுக்குத்தானே வரும், நாங்கள் தினமும் கடல்மீன் தின்கிறோமே என்று கேட்டேன். அது வேறு வகை என்றார். இது சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வது. உடம்பே அதைத் தூண்டிவிடுகிறது. ஏன் என்று கேட்டால் தனக்கும் முழுதாகச் சொல்லத் தெரியாது, சில குடும்பங்களில் தொடர்ந்து வரும் என்றார்.

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றார் அம்மா. பஸ்ஸில் வரும்போதுதான் அப்பா தன் தங்கையைப் பற்றிச் சொன்னார். விழித்த கண், நடுங்கும் கை, ஒட்டிய உடம்பு. கோபக்காரி என்ற பெயரோடேயே செத்துப்போன அத்தை.

ரத்தப் பரிசோதனை முடிவு வர இரண்டு வாரம் ஆகும், படபடப்புக்கு இப்போதே மாத்திரை, கல்யாணத்தைச் சில மாதம் தள்ளிப் போடுங்கள் என்பது டாக்டர் சொன்னது. தாலி ஏறும்வரை மூச்சு விடக் கூடாது என்பது அம்மா சொன்னது. இரண்டையும் கேட்டுக்கொண்டு அக்கா மாத்திரையைப் போட்டுப் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மாப்பிள்ளையின் அம்மா வந்துவிட்டார். எறணாகுளம் பிராட்வேயில் முகூர்த்தப் புடவை எடுக்க அக்காவை அழைத்துப் போகத்தான். நான்கு மணிக்கே எழும் அக்கா அன்று அதுவரை எழவில்லை. எட்டு மாதத்தில் அவள் நிம்மதியாகத் தூங்கிய முதல் நாள் அது.

லேசான காய்ச்சல் என்று அம்மா ஆரம்பித்தார். அக்கா எழுந்து வந்தாள்.

"அத்தை, காய்ச்சல் இல்ல. கழுத்துல ஒரு வியாதி. நேத்துதான் டாக்டர் சொன்னாரு. அதனாலதான் கை நடுங்குது, ஒரு இடத்துல இருக்க முடியல. குணமாக்கலாம், ஆனா வைகாசி முடியாது."

அவர் கொஞ்ச நேரம் அக்காவின் கழுத்தையே பார்த்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார்.

"அப்ப அன்னிக்கு நாங்க பார்த்த சுறுசுறுப்பு எல்லாம் வியாதியா மதினி?"



"தெரியல அத்தை," என்றாள் அக்கா. "குணமானாத்தான் எனக்கே தெரியும்."

அவர் மாத்திரைச் சீட்டை வாங்கிப் படித்தார், சாயாவை முழுதும் குடித்தார். "அப்ப ஆவணியில வந்து இன்னொரு தடவ பொண்ணு பார்க்கறோம்" என்று சொல்லிவிட்டுப் பள்ளுருத்தி பஸ் ஏறிப் போனார்.