விழுப்புரம் மண்டியில் ஒரு கிலோ

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன். திண்டிவனத்துக்கு டிக்கெட் தொண்ணூறு ரூபாய். தூரமும் கிட்டத்தட்ட தொண்ணூறு கிலோமீட்டர். இப்படி எதைக் கண்டாலும் எண்ணிப் பார்க்கும் புத்தி எனக்கு. பத்து வருடம் குத்துச்சண்டை போட்டேன். இப்போது பிறர் போடுவதைப் பார்த்து, யார் தேறுவார்கள் என்று எழுதிக் கொடுக்கிறேன்.

மாநில முகாமுக்கு ஆள் எடுக்கும் போட்டி திங்கட்கிழமை சென்னையில். பெண்கள் மிடில்வெயிட் பிரிவில், அதாவது எழுபத்தைந்து கிலோவுக்கு உட்பட்டவர்களில், சங்கீதா என்ற புதியவள் ஒருத்தி திண்டிவனத்தில் கலக்கிக்கொண்டிருக்கிறாளாம். பெரிய கைகளிடம் தாங்குவாளா என்று பார்த்துவரும்படி முகாம் பொறுப்பாளர் என்னை அனுப்பினார். தன் ஊர்ப் பிள்ளை என்றால் யாரும் ஒரு சுற்று ஊதித்தான் சொல்வார்கள் என்ற நினைப்போடுதான் போனேன். அதை மறைப்பானேன்?

எட்டு மணிக்குத் திண்டிவனம். மூடிக் கிடந்த ஒரு அரிசி ஆலையின் நெல் காயவைக்கும் களம்தான் பயிற்சி இடம். நான்கு மூலையிலும் மூங்கில் நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். பயிற்சியாளர் ஒரு பள்ளியின் விளையாட்டு ஆசிரியர். "மாவட்டத்துல இவ வெயிட்ல வேற பொண்ணே இல்லைங்க மேடம். இருக்கறத வெச்சி ஓட்டிக்கினு இருக்கோம்" என்றார். அதனால் அறுபது கிலோ கல்லூரிப் பையன் ஒருவனோடும், தொண்ணூறு கிலோ மூட்டை தூக்குகிறவர் ஒருவரோடும் மாறி மாறி மோதினாள் சங்கீதா. பையனின் வேகத்துக்கு ஈடுகொடுத்தாள். பெரியவரின் பாரத்தை நெஞ்சில் வாங்கிக்கொண்டே உள்ளே புகுந்து விலாவில் இரண்டு வைத்தாள். அவர் "போதும் தாயே" என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே சந்தோஷமும்.

பத்தரைக்கு விழுப்புரம் பஸ். நாற்பது கிலோமீட்டர். சங்கீதாவும் என்னோடு வந்தாள். சொந்த ஊர் கெடார். அப்பா அம்மா கூலி வேலை. விழுப்புரத்தில் அத்தை வீட்டில் தங்கித் தினமும் திண்டிவனம் போய்வருகிறாள்.

"இந்த வாட்டி ஆகலன்னா சித்திரையில கம்பெனி வேலைக்குப் போவணுங்க்கா. ஸ்ரீபெரும்புதூர் பக்கம். சொல்லி வெச்சிட்டாங்க" என்றாள் ஜன்னலைப் பார்த்தபடி. தேர்வாகும் முதல் நால்வருக்கு முகாமில் இடமும் சாப்பாடும் கிடைக்கும். ஐந்தாவதாக வருபவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"நான் தேறுவனாக்கா? மூஞ்சிக்காக சொல்லாதீங்க."

சொன்னேன். சென்னையின் இடக்கைக்காரியிடம் தோற்பாய். குத்தியதும் உன் வலக்கை கீழே இறங்குகிறது, அவள் அதற்காகவே காத்திருப்பாள். தூத்துக்குடிக்காரி உன்னைவிட உயரம். இன்று புகுந்ததுபோல உள்ளே புகுந்தால் ஜெயிக்கலாம். சேலத்துக்காரியோடு சரிக்குச் சரி. மொத்தத்தில் நான்கில் ஒரு இடம் உனக்கு எட்டும்.

அவள் விரல்களை மடக்கி மூன்று பேரையும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எடை என்ன என்று கேட்டேன். "எழுபத்து நாலு எண்ணூறு. காலையிலதான் போட்டேன்." வரம்புக்குள்தான். அப்படியே என் நோட்டில் எழுதினேன்.

பன்னிரண்டு மணிக்கு விழுப்புரம். அவள் எடை பார்க்கும் இடத்தையும் காட்டுகிறேன் என்று பஸ் நிலையத்திலிருந்து நடத்தியே கூட்டிப்போனாள். அது ஒரு மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மண்டி. மாசி மாதம் ஆனதால் வாசல்வரை மூட்டை. பயிற்சிக் களத்திலிருந்த எடைமெஷின் உடைந்து இரண்டு மாதமாம். அன்றிலிருந்து மண்டியில் எடை போடும் ஏழுமலை அண்ணன்தான் அவளுக்கும் தினமும் காலையில் எடை பார்த்துச் சொல்கிறார். தராசின் எண்கள் அவர் நாற்காலிப் பக்கம் திரும்பியிருக்கும். ஏறி நிற்பவருக்குத் தெரியாது.

ஏழுமலை எங்கள் இருவர் கையிலும் மல்லாட்டையை அள்ளி வைத்தார். "மெட்ராஸ்லேர்ந்து வந்துருக்கீங்க. நீங்களும் ஏறுங்க மேடம், சும்மா."

ஏறினேன். "அறுபத்தாறு!" என்று மண்டிக்கே கேட்கும்படி அறிவித்தார்.

முந்தின நாள்தான் வீட்டில் பார்த்திருந்தேன், அறுபத்தேழு. வழியில் இட்லியும் வடையும் வேறு உள்ளே போயிருக்கிறது; எடை எப்படிக் குறையும்? எட்டிப் பார்த்தேன். தராசு அறுபத்தேழு காட்டியது.

"அண்ணா, இதுல அறுபத்தேழு இருக்கே?"

"ஆமாங்க. சாக்குக்கு ஒண்ணு போச்சின்னா அறுபத்தாறு."

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது போலிருக்கிறது. வாயைப் பொத்திக்கொண்டார். சங்கீதா தராசில் ஏறினாள். நான் எண்ணைப் படித்தேன். எழுபத்தைந்து எண்ணூறு.

"முப்பது வருசமா மூட்டையே போட்டுக்கினு இருக்கேம்மா. வாய் தானா கழிச்சிடுது. மனுசாளுக்கு ஏது சாக்குன்னு தோணவே இல்லியே! பேஜாரு பண்ணிட்டனே பாப்பா" என்று தலையில் அடித்துக்கொண்டார். போட்டியன்று நூறு கிராம் கூடினாலும் கையுறை மாட்ட விடமாட்டார்கள். இருபது வயதுப் பெண்ணின் ஒரு வருட உழைப்பு ஒரு கோணிப்பையோடு போயிருக்கும்.

"வுடுங்கண்ணா. மூணு நாள் இருக்குது, எறக்கிடலாம்" என்று சொல்லி, கையிலிருந்த மல்லாட்டையை எண்ணாமல் கொள்ளாமல் மூட்டையிலேயே போட்டாள் சங்கீதா.

அவரைக் கோபிக்க எனக்கு வாய் இல்லை. கண்ணால் பார்க்காத எடையை நோட்டில் எழுதியவள் நான். வீட்டுத் தராசில் உடுப்புக்கென்று அரைக் கிலோ எனக்கு நானே கழித்துக்கொள்கிறவளும் நான்தான். அந்த மனிதர் வந்தவளை உபசரிக்கச் "சும்மா" ஏறச் சொன்னாரே, அந்த ஒரு சொல்லுக்கு நான் கடன்பட்டவள். மூன்று மணி பஸ்ஸில் விழுப்புரத்தை விட்டபோது, ஊதுகிறவர்கள் ஊர் என்று நினைத்துக் கிளம்பி, கழிக்கிறவர்கள் ஊரைப் பார்த்துத் திரும்புகிறோம் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். சங்கீதா தூத்துக்குடிக்காரியை ஜெயித்தாள், இடக்கைக்காரியிடம் தோற்றாள், நால்வரில் ஒருத்தியாக முகாமுக்குள் போனாள். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்தத் திங்கட்கிழமை காலை ஏழே முக்கால். எடை பார்க்கும் அறையில் அவள் தராசில் ஏறி நின்றதும் அதிகாரி எண்ணைப் படித்தார்: எழுபத்து நாலு அறுநூறு. நான் வெளியே வந்தேன். விடிகாலை ரயிலைப் பிடித்து வந்த ஏழுமலை, செருப்பைக் கழற்றிவிட்டு, கோயில் வாசலில் நிற்பதுபோல் நின்றுகொண்டிருந்தார். எண்ணைச் சொன்னேன்.

அவர் முகம் மலரவில்லை. கிட்டே வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்:

"கழிக்காமதானுங்களே மேடம்?"

"கழிக்காமதாண்ணா."

அதற்குப் பிறகுதான் அழுதார்.