கூட வந்தவர் பெயர்

நவமணியின் வலது கண்ணில் புரை விழுந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தேயிலை பறிக்கும்போது கொழுந்தும் முற்றின இலையும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்ததும், எஸ்டேட் கிளினிக்கில் கடிதம் எழுதி, பக்கத்து ஊரான தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த டாக்டர் இன்னொரு கடிதம் எழுதி, மலைக்குக் கீழே ஈப்போவுக்கு அனுப்பினார். ஈப்போவில் ஆப்ரேஷனுக்குத் தேதி கொடுத்து, துணைக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்றார்கள்.

கடிதத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆளுக்கு எங்கே போவாள்? புருஷன் காளிமுத்து போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மகன் தர்மா ஜொகூரில் ஃபேக்டரி வேலை. லைன் வீடுகளில் இப்போது இருப்பதெல்லாம் நேப்பாளத்துப் பையன்கள். நல்ல பிள்ளைகள்தான், பார்த்தால் சிரிப்பார்கள். அதற்கு மேல் பேசப் பாஷை இல்லை.

இரண்டு தேதி வீணாய்ப் போயிற்று. இரண்டு தடவையும் தர்மா வருகிறேன் என்று சொல்லிவிட்டு, முந்தின நாள் போன் அடித்தான்.

"லீவு கெடைக்கலம்மா. தேதிய மாத்திக்கோ லா."

மகராசன்! நவமணி ஆஸ்பத்திரிக்குப் போன் அடித்து, மகனுக்குக் காய்ச்சல் என்று புளுகினாள். வர ஆளில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அப்படி ஒரு ரோஷம். அடுத்த தேதியும் தவறினால், மறுபடி எஸ்டேட் கிளினிக்கிலிருந்து கடிதம் வாங்கி வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இடது கண்ணும் மங்கத் தொடங்கியிருந்தது.

மூன்றாம் தேதியை அவள் தர்மாவிடம் சொல்லவே இல்லை. தனியாகப் பஸ் ஏறினாள். வளைவு வளைவாய் இறங்கிய வழியெல்லாம் பக்கத்து சீட்டில் அவளுடைய பைதான் இருந்தது. கவுண்டரில் கூட வந்தவர் பெயரைக் கேட்டார்கள்.

"காளிமுத்து" என்றாள்.

கண்ணில் மருந்து விட்டு உட்காரவைத்திருந்தபோது, சாந்தினி என்ற நர்ஸ் மிஸி கதவைத் திறந்து கூப்பிட்டாள்.

"நவமணியோட வந்த காளிமுத்து! காளிமுத்து!"

ஆறு வருஷமாக யாரும் உரக்கக் கூப்பிடாத பெயர். பைத்தியக்காரி, நவமணியும் திரும்பி வாசலைப் பார்த்தாள்.

மூன்றாம் முறை கூப்பிட்டதும் எழுந்துவிட்டாள்.

"அவரு வரமாட்டாரு மிஸி. செத்துட்டாரு. எனக்கு யாரும் இல்ல."

சாந்தினி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. ஆளில்லாதவங்கள ஒரு நாள் வார்டுல வச்சிருந்து அனுப்புவோமே. நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும்."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான், முதல் தேதி கொடுத்ததிலிருந்து அவளுக்கு ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

சாயங்காலம் கண்ணில் கட்டோடு படுத்திருந்தபோது தர்மா போன் செய்தான். விஷயத்தைக் கேட்டதும் பதறிப் போனான்.

"என்னம்மா, சொல்லவே இல்லியே! யாரு கூட இருக்கா?"

நவமணி கட்டிலோரம் கிடந்த நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"யாரும் இல்லப்பா" என்றாள். அன்றைக்கு இரண்டாவது தடவை சொல்லும்போது அது அவ்வளவு கஷ்டமாக இல்லை.